பயண வரைபடம்: பிள்ளைகளோடு வரையலாமா?

கேள்வி: குடும்பமாகப் போய்வந்த பயணத்தைப் பிள்ளைகளுக்கு நினைவாகக் கையால் வரைந்து வைக்க ஆசை. செல்போன் மேப்பைப் பார்த்து வரைந்தால் பாதித் தாள் காலியாகக் கிடக்கிறது. இறங்கிப் பார்த்த இடமெல்லாம் ஒரு மூலையில் நெருக்கியடிக்கிறது. என்ன செய்வது?

பதில்: அளவு விகிதத்தை விட்டுவிடுங்கள். இந்தப் படத்தை வைத்து யாரும் வழி தேடப்போவதில்லை. ஹாரி பெக் வரைந்து 1933-ல் வெளியான லண்டன் சுரங்க ரயில் படத்திலேயே தூரம் நிஜமில்லை; நெரிசலான நகர மையத்தை விரித்து, புறநகரைச் சுருக்கியிருப்பார். இரவு முழுக்க ரயிலில் தூங்கிக் கழித்த தூரத்துக்கு இரண்டு விரற்கடை போதும். பிள்ளைகள் ஆட்டம்போட்ட கடற்கரைக்கு உள்ளங்கை அகலம் கொடுங்கள். இடங்களின் வரிசையும் திசையும் மட்டும் மாறக் கூடாது. கடலை எதிர்ப்பக்கம் போட்டால் பிள்ளைகளே பிடித்துவிடுவார்கள்!

தாள் ஏ3 அளவில் (297 x 420 மி.மீ.) இருக்கட்டும். வாட்டர்கலர் பூசுவதானால் 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) தாள் வாங்குங்கள். நோட்டுத்தாள் ஈரம் பட்டதும் நெளிந்துவிடும். கலர் பென்சில் என்றால் 200 தாராளம்.

முதலில் எல்லாமே பென்சிலில், அழுத்தாமல். பலரும் பாதையைத்தான் முதலில் போடுகிறார்கள். அப்புறம் ஊர்ப்பெயருக்கு இடமில்லாமல் கோட்டின் மேலேயே எழுத வேண்டிவரும். பெயர், சின்னப் படங்கள், கடைசியாகப் பாதை, இதுதான் வரிசை. தமிழ் எழுத்து 'கி' என்றால் மேலே ஏறும், 'கு' என்றால் கீழே இறங்கும். எனவே பெயருக்கு மேலும் கீழும் அரை சென்டிமீட்டர் காலியாக விடுங்கள்.

மை பூச, நீரில் கரையாத பிக்மென்ட் மைப் பேனா: எழுத்துக்கு 0.3 மி.மீ. முனை, பாதைக்கு 0.8. ஸ்கெட்ச் பேனா வேண்டாம். அதன் சாயம் தண்ணீரில் கரைவதால் தூரிகை பட்டதும் பரவும், வெளிச்சத்தில் வெளுக்கவும் செய்யும். மை நன்றாகக் காய்ந்த பிறகே ரப்பர். அவசரப்பட்டால் கரும்புகை படிந்ததுபோல் இழுவிவிடும்.

கேள்வி: மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. இருவரையும் சேர்த்துக்கொண்டால் தாள் பாழாகாதா?

பதில்: பெரிய தாளில் கை வைக்க விட்டால்தான் பாழாகும். 4 செ.மீ. அகல வட்டத் துண்டுகளை வெட்டிக் கொடுத்து, ஒன்றில் ஒரு படம் என்று வரையச் சொல்லுங்கள். பிடித்ததை ஒட்டலாம், கெட்டுப்போனால் வேறு துண்டு. ஒட்டுவதற்கு குளூ ஸ்டிக். வெள்ளைப் பசையின் ஈரத்தில் தாள் சுருங்கும். குறி விளக்கப் பெட்டியை மகளிடம் விட்டுவிடலாம். 'வாந்தி எடுத்த இடம்' என்று அவள் ஒரு குறி வைத்தால் அழிக்காதீர்கள், நாளைக்கு முதலில் தேடப்போவது அதைத்தான். பஸ்ஸைவிட நண்டு பெரிதாக இருந்தாலும் திருத்த வேண்டாம்.

கேள்வி: டிக்கெட், ரசீதுகளை ஒட்டி லேமினேட் செய்யலாமா?

பதில்: ரசீதை நகத்தால் கீறிப் பாருங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் அது வெப்பத்தாள். லேமினேட் சூட்டில் முழுக்கக் கறுத்துவிடும். சூடு படாவிட்டாலும் நாளடைவில் எழுத்து மங்கும். சாதாரணத் தாளில் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்கள். ஒட்டுவேலை உள்ள படத்துக்கு லேமினேஷனைவிடக் கண்ணாடிச் சட்டம் மேல். ஓரம் முழுக்க அட்டை வைத்து, கண்ணாடி படத்தில் படாமல் இடைவெளி விடும்படி சட்டம் போடுபவரிடம் சொல்லுங்கள். வெயில் விழாத சுவரில் மாட்டுங்கள்.