ரிப்பன் மாளிகை முதல் எல்.ஐ.சி. வரை: யார் வரைந்தது, யார் கட்டியது? (கேள்வி பதில்)

சென்னையின் நூறாண்டுக் கட்டடங்களைப் பற்றி வந்த கேள்விகளையும் என் பதில்களையும் கீழே தந்திருக்கிறேன். பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். அதனால் சுண்ணாம்பு பற்றிக் கேட்டால் பதில் கொஞ்சம் நீண்டுவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சார், ரிப்பன் மாளிகையைக் கட்டியது ஹாரிஸ் என்று ஓரிடத்திலும் லோகநாத முதலியார் என்று இன்னோரிடத்திலும் படித்தேன். எது சரி?

இரண்டுமே சரிதான். வரைந்தவர் ஜி.எஸ்.டி. ஹாரிஸ், கட்டிக்கொடுத்த ஒப்பந்தக்காரர் லோகநாத முதலியார். 1909 டிசம்பரில் வைஸ்ராய் மிண்டோ அடிக்கல் வைத்தார். 1913 நவம்பரில் திறப்பு விழா. மொத்தச் செலவு ஏழரை லட்சம் ரூபாய். அதில் ஐந்தரை லட்சம் முதலியாருக்குப் போனது.

தமிழில் 'கட்டினார்' என்று சொன்னால் பணம் போட்டவர், வரைந்தவர், ஆள் வைத்து எழுப்பியவர் மூவரும் அதற்குள் வந்துவிடுவார்கள். தஞ்சைப் பெரிய கோயிலை ராஜராஜன் கட்டினான் என்று சொல்கிறோம் இல்லையா, அந்தப் பழக்கம்தான். ஆகவே 'யார் கட்டியது' என்று கேட்பதை விட, வரைந்தது யார், திருத்தியது யார், எழுப்பியது யார் என்று தனித்தனியாகக் கேட்டால் குழப்பம் பாதி தீரும்.

ரிப்பன் மாளிகை மட்டும் ஏன் வெள்ளை? அக்கம்பக்கத்தில் எல்லாமே சிவப்பாக இருக்கிறதே?

சிவப்புக் கட்டடங்களில் செங்கல்லைப் பூசாமல் விட்டிருக்கிறார்கள், ரிப்பன் மாளிகையில் பூசியிருக்கிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான், உள்ளே அதுவும் செங்கல்தான். ஆனால் பாணி வேறு. பக்கத்தில் இருக்கும் விக்டோரியா பொது மண்டபமும் சென்ட்ரல் நிலையமும் முந்தைய தலைமுறை ரசனை. ஹாரிஸ் வந்த காலத்தில் குவிமாடம், மினார் எல்லாம் அலுத்துப்போய், கிரேக்க, ரோமானியத் தூண்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

உயர் நீதிமன்றத்தைக் கட்டிய இர்வின் பற்றிச் சொல்லுங்கள். வைஸ்ராய் இர்வினும் அவரும் ஒருவரா?

இல்லை. வைஸ்ராய் இர்வின் காந்தியோடு ஒப்பந்தம் போட்டவர். இவர் ஹென்றி இர்வின், 1841-ல் பிறந்த பொறியாளர். சிம்லாவில் வைஸ்ராய் மாளிகையை முடித்துவிட்டு இங்கே சென்னை அரசின் ஆலோசனைக் கட்டடக் கலைஞராக வந்தார். கன்னிமாரா நூலகம், மியூசியம் தியேட்டர், சட்டக் கல்லூரி, எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் இருக்கும் விக்டோரியா நினைவு மண்டபம், அப்புறம் மைசூர் அரண்மனை, எல்லாம் இவருடையவை.

ஆனால் உயர் நீதிமன்றத்தை முழுக்க அவர் கணக்கில் எழுத மாட்டேன். முதல் வரைபடம் ஜே.டபிள்யூ. பிராசிங்டன் போட்டது. அது இர்வின் கைக்கு வந்தபோது அவர் நிறைய மாற்றினார், கூடவே ஜே.எச். ஸ்டீபன்ஸ் வேலை பார்த்தார். 1892-ல் திறந்தார்கள். கட்டி எழுப்பியவர் தாடிகொண்டா நம்பெருமாள் செட்டியார். ஆக, நாலு பேர் பெயர் சொல்ல வேண்டிய கட்டடம் அது.

ராஜாஜி சாலையில் ஸ்டேட் வங்கி பெரிய கிளை இருக்கிறதே, பழைய மெட்ராஸ் வங்கி, அதற்கும் இதே கதைதான். முதலில் ஜெய்ப்பூரில் இருந்த கர்னல் ஜேக்கப் வரைந்தார், இர்வின் திருத்தினார், நம்பெருமாள் செட்டியார் கட்டினார். சென்ட்ரல் நிலையத்தை ஹார்டிங் வரைந்தார், சிஷோம் அதை மாற்றினார். ஒரே கையில் தொடங்கி ஒரே கையில் முடிந்த கட்டடம் இந்த ஊரில் குறைவு.

உயர் நீதிமன்றத்தின் மேலே கலங்கரை விளக்கம் இருந்தது என்று அப்பா சொல்வார். நிஜமா?

நிஜம். அங்கே இருக்கும் கோபுரங்களில் உயரமானதுதான் 1894-லிருந்து 1977 வரை கப்பல்களுக்கு வழி காட்டியது. அதன் பிறகுதான் மெரினாவில் புதிய விளக்கம் வந்தது. அதற்கு முந்தைய விளக்கமும் அதே வளாகத்தில் தனியாக ஒரு கல்தூணாக நிற்கிறது, 1844-ல் ஏற்றியது. போனால் இரண்டையும் பாருங்கள். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் குண்டு போட்டதற்கான கல்வெட்டும் அங்கேதான் சுற்றுச்சுவரை ஒட்டி இருக்கிறது.

நம்பெருமாள் செட்டியார் என்று அடிக்கடி சொல்கிறீர்கள். அவரைப் பற்றிப் பள்ளிப் பாடத்தில் ஒரு வரி கூட வந்ததில்லையே?

வந்திருக்க வேண்டியவர்தான். 1856-ல் பிறந்து 1925 வரை வாழ்ந்தவர். உயர் நீதிமன்றம், சட்டக் கல்லூரி, கன்னிமாரா, விக்டோரியா பொது மண்டபம், மெட்ராஸ் வங்கி, அருங்காட்சியக வளாகத்து நினைவு மண்டபம் என்று, இன்று நாம் 'பழைய மெட்ராஸ்' என்று படம் எடுத்துப் போடுவதில் பாதி அவர் ஆட்கள் எழுப்பியது. சேத்துப்பட்டில் பெரும் நிலத்துக்குச் சொந்தக்காரர். செட்டிப்பேட்டைதான் சேத்துப்பட்டு ஆனது என்று அவர் பெயரோடு முடிச்சுப் போடுகிறவர்களும் உண்டு. கணித மேதை ராமானுஜன் 1920-ல் தம் கடைசி நாட்களைக் கழித்தது சேத்துப்பட்டில் இவருக்குச் சொந்தமான வீட்டில்தான்.

பூசாத செங்கல் சுவர் ஒன்றின் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே சாந்து எவ்வளவு மெலிதாக ஓடுகிறது, வளைவில் ஒவ்வொரு கல்லும் எப்படித் தேய்த்துச் செதுக்கி உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும். பூச்சு இருந்தால் தப்பை மறைக்கலாம், இங்கே மறைக்க வழியே இல்லை. லண்டனிலோ சிம்லாவிலோ பழகியவர் காகிதத்தில் ஒரு வளைவு போட்டுவிடலாம். அதைக் கல்லில் கொண்டுவரத் தெரிந்த கொத்தனாரை ஊர் ஊராகத் தேடிப் பிடித்து, கூலி கொடுத்து, வருடக்கணக்கில் கூடவே வைத்திருந்தது ஒப்பந்தக்காரர். எழும்பூர் ரயில் நிலையத்தைக் கட்டிய சாமிநாத பிள்ளையும் அப்படிப்பட்டவர்தான், பெங்களூர்க்காரர். 1905-ல் தொடங்கி 1908-ல் திறந்தார்கள், செலவு 17 லட்சம்.

இந்தோ-சாரசெனிக் பாணி என்றால் முகலாயர் பாணியா? எளிமையாகச் சொல்லுங்கள் அண்ணா.

முகலாயர் பாணியில் சட்டை, உள்ளே விக்டோரியா காலத்து அலுவலகம். குவிமாடம், கூர்வளைவு, சத்திரி (தூண்கள் தாங்கும் சின்னக் குவிமாட மண்டபம்), சாளரம் எல்லாம் இந்திய, இஸ்லாமியக் கட்டடங்களிலிருந்து எடுத்தவை. அறைகளின் அமைப்பும் இரும்பு உத்தரமும் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. விக்டோரியா நினைவு மண்டபத்தின் முகப்பைப் பார்த்தால் பதேபூர் சிக்ரியின் புலந்த் தர்வாசா ஞாபகம் வரும், வர வேண்டும் என்றுதான் செய்தார்கள். இங்கே இந்தப் பாணிக்கு வழி போட்டவர் ராபர்ட் சிஷோம். 1864-ல் அரசு அறிவித்த போட்டியில் ஜெயித்து மாநிலக் கல்லூரியையும் பல்கலைக்கழக செனட் மண்டபத்தையும் வரைந்தவர். செனட் மண்டபம் எனக்கு இந்த ஊரிலேயே பிடித்த கட்டடம். கண்ணாடி வழியாக மாலை வெயில் விழும்போது உள்ளே நிற்க வாய்த்தால் விடாதீர்கள்.

தாத்தா கட்டிய வீடு மெட்ராஸ் டெரஸ். ஒழுகுகிறது. மேலே சிமெண்ட் போட்டு மூடிவிடலாம் என்கிறார் மேஸ்திரி. செய்யலாமா சார்?

வேண்டாம். காரணம் சொல்கிறேன்.

மெட்ராஸ் டெரஸ் கூரையை எப்படிப் போட்டார்கள் என்று முதலில் பார்ப்போம். தேக்குக் கட்டைகளை நெருக்கி வைத்தார்கள். அதன் மேல் ஒரு அங்குல கனமுள்ள மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில், நெட்டுக்குத்தாகவும் மூலைவிட்டமாகவும் அடுக்கினார்கள். கீழே பலகை முட்டு கிடையாது. ஒரு மூலையில் தொடங்கி, வைத்த வரிசையையே பிடிமானமாகக் கொண்டு அடுத்த வரிசை போகும். அது காய்ந்த பிறகு செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, மரக்கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள். அடிக்கும்போது கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளிப்பார்கள். அடிக்க அடிக்க ஜல்லி இறுகித் தண்ணீர் கீழே இறங்காத பதத்துக்கு வரும். கடைசியில் இரண்டு வரிசை தட்டோடு.

இந்தக் கூரை கொஞ்சம் அசையும், ஈரத்தை வாங்கி வெயிலில் விட்டுவிடும். சிமெண்ட் அசையாது, ஈரத்தை வெளியே விடாது. மேலே அதைப் போட்டால் முதல் வருடம் ஒழுகாது, மேஸ்திரி சொன்னது சரி என்று தோன்றும். இரண்டாவது கோடையில் மயிரிழை விரிசல் விடும். அதன் வழியாக இறங்கும் தண்ணீருக்கு மேலே திரும்ப வழி இருக்காது, கட்டையின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில் போய்த் தங்கும். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே தேக்காகவே இருந்தாலும் உளுத்துவிடும். பாரம் வேறு கூடுகிறது.

தட்டோட்டை எடுத்துவிட்டு ஜல்லியின் மேல்பரப்பைப் பாருங்கள். பெரும்பாலும் கைப்பிடிச் சுவர் ஓரத்திலும் மழைநீர்க் குழாய் வாயிலும்தான் கோளாறு இருக்கும். அந்த இடத்தை மட்டும் சுண்ணாம்பிலேயே சரிசெய்து மறுபடி ஓடு பதிக்கலாம். கட்டை முனைகளை ஒரு ஆணியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஆணி சுலபமாக இறங்கினால் அந்தக் கட்டையை மாற்றும் வரை கீழே யாரும் படுக்க வேண்டாம்.

இவ்வளவு பேரில் இந்தியக் கட்டடக் கலைஞர் ஒருவர் கூட இல்லையா?

ஆரம்பத்தில் அரசு வேலை எல்லாம் பொதுப்பணித் துறை வழியாக வெள்ளைக்காரர்களுக்கே போனது. இந்தியர்கள் வரைவாளராக, மேற்பார்வையாளராக இருந்தார்கள், வரைபடத்தின் அடியில் கையெழுத்து அவர்களுடையது இல்லை. 1930-களில் இது மாறுகிறது. எல்.எம். சித்தாலே 1932-ல் இங்கே சொந்த நிறுவனம் தொடங்கினார்.

எல்.ஐ.சி. கட்டடக் கதையில் அவருக்கு ஒரு நல்ல பங்கு உண்டு. யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்காக எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய வேலை அது. லண்டனிலிருந்து பிரவுன், மௌலின் என்ற இருவர் வரைந்தார்கள். 1954-ல் சிங்கப்பூர் விமான விபத்தில் செட்டியார் இறந்துபோனார். 1956-ல் ஆயுள் காப்பீடு தேசியமயமானது. லண்டன்காரர்களும் பாதியில் விலகிவிட, முடித்துக் கொடுத்தவர் சித்தாலே. 1959-ல் திறந்தபோது இந்தியாவிலேயே உயரமான கட்டடம். எத்தனையோ படத்தில் கதாநாயகன் மஞ்சள் பையோடு அண்ணாந்து பார்ப்பது இதைத்தான்.

பாரிமுனையில் வட்டமாக ஒரு மூலைக் கட்டடம் இருக்கிறதே, அது எந்தப் பாணி?

டேர் ஹவுஸ். பாரி நிறுவனத்தின் தலைமையகம், 1940-ல் முடிந்தது. பாணி ஆர்ட் டெகோ. கண்டுபிடிப்பது சுலபம்: உருண்ட மூலை, ஜன்னல்களுக்கு மேல் புருவம் போல ஓடும் வெயில் மறைப்பு, நடுவில் செங்குத்தாக எழும் ஒரு பட்டை, சிற்ப வேலை அதிகம் இருக்காது. இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட் வந்த பிறகு இப்படி மூலையை வளைப்பது சுலபமானது. தொழில் நிறுவனங்களுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் சினிமா கொட்டகைகளுக்கும் இது ரொம்பப் பிடித்துப்போனது. தெருவில் நடக்கும்போது கடைப் பலகைக்கு மேலே நிமிர்ந்து பாருங்கள். கீழே செல்போன் கடை, மேலே ஆர்ட் டெகோ என்று நிறைய இருக்கிறது.

மூர் மார்க்கெட்டை ஏன் மறுபடி கட்டவில்லை?

1900-ல் திறந்தது, 1985 மே மாதம் எரிந்தது. அந்த இடத்தில் ரயில்வே கட்டடம் வந்துவிட்டது. வெளியே ஒரு சின்ன மாதிரி வைத்திருக்கிறார்கள். பார்த்தால் வருத்தம் கூடத்தான் செய்கிறது.

அண்ணா சாலையில் இருக்கும் பாரத் இன்சூரன்ஸ் கட்டடமும் போயிருக்க வேண்டியது. 1897-ல் மருந்துக் கடைக்காகக் கட்டியது, உயர் நீதிமன்றத்தில் இர்வினோடு இருந்த அதே ஸ்டீபன்ஸ் வரைந்தது. 2006-ல் இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பழைய கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு நீதிமன்றம் போய்த் தடுத்தது.

என் கொள்ளுத்தாத்தா எழும்பூர் ஸ்டேஷன் கட்டும்போது கொத்தனாராக இருந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். அவர் பெயர் எங்காவது பதிவாகி இருக்குமா ஐயா?

கல்வெட்டில் இருக்காது அம்மா. கவர்னர் பெயர் இருக்கும், சில இடங்களில் ஒப்பந்தக்காரர் பெயர் இருக்கும், அதோடு சரி. ஆனால் வீட்டில் வாய்வழியாக வந்த பேச்சைத் தள்ளிவிட மாட்டேன். அவர் எந்த ஊரிலிருந்து வந்தார், எந்த மேஸ்திரியோடு வந்தார், செங்கல் வேலையா கல் வேலையா, பழைய கரண்டியோ தூக்குக்குண்டோ வீட்டில் இருக்கிறதா என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். சாமிநாத பிள்ளையின் ஆட்களில் ஒருவரைப் பற்றி நான் கேட்கும் முதல் தகவல் இது.