கார் சீட் பெல்ட் எச்சரிக்கை ஒலியை நிரந்தரமாக நிறுத்த என்ன வழி?

"பெல்ட் போடாவிட்டால் டிங் டிங் என்று விடாமல் அடிக்கிறது, தலைவலியே வந்துவிடுகிறது, இதை ஒரேயடியாக நிறுத்த முடியுமா" என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். நான் நிறுத்தியிருக்கிறேன். ஏழு மாதம் என் காரில் அந்தச் சத்தம் கேட்கவே இல்லை. அந்த ஏழாவது மாதத்தில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் என் பதில் நேர்மையான பதிலாக இருக்கும்.

உங்களைப் பொறுப்பில்லாதவர் என்று நான் நினைக்கவில்லை. இப்படிக் கேட்டாலே "பெல்ட் போட்டால் என்ன குறைந்துவிடும்?" என்று பாய்வதற்குப் பத்துப் பேர் காத்திருப்பார்கள். நானும் என் பெல்ட்டை ஒழுங்காகப் போடுகிற ஆள்தான். எனக்குத் தொல்லை கொடுத்தது பக்கத்து சீட். உங்களுக்கும் அநேகமாக அதுவாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

தினமும் வேலைக்குப் போகும்போது மடிக்கணினிப் பையையும் சாப்பாட்டுப் பையையும் பக்கத்து சீட்டில் வைப்பேன். இரண்டும் சேர்ந்து ஐந்தாறு கிலோ இருக்கும். அந்த சீட்டின் மெத்தைக்குள் எடையை உணரும் ஒரு சென்சார் இருக்கிறது. அதற்குப் பையும் ஒன்றுதான், ஆளும் ஒன்றுதான். பெல்ட் மாட்டுகிற பக்கிளுக்குள் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறது. சீட்டில் எடை இருக்கிறது, பக்கிளில் பெல்ட் முனையின் உலோக நாக்கு நுழையவில்லை என்று இரண்டும் சேர்ந்து சொன்னால் முதலில் சிவப்பு விளக்கு எரியும். வண்டி வேகமெடுத்ததும் சத்தம் ஆரம்பித்துவிடும். ஓட்டிக்கொண்டே ஒரு கையால் பையைத் தூக்கிப் பிடித்தபடி போன நாட்கள் உண்டு. இப்போது நினைத்தால் அதுவே எவ்வளவு பெரிய ஆபத்து என்று தெரிகிறது.

ஒருநாள் சிக்னலில் நின்றபோது பக்கத்து சீட்டு பெல்ட்டை இழுத்து, சாய்மானத்தின் மேலாக யாரும் இல்லாத சீட்டிலேயே மாட்டிவிட்டேன். ஐந்து விநாடி வேலை. சத்தம் நின்றது. அதற்கப்புறம் அதைக் கழற்றவே இல்லை. கடையில் விற்கிற, பெல்ட் இல்லாத வெறும் கொக்கியை வாங்கிப் பக்கிளில் செருகினாலும் இதேதான் நடக்கும். நான் அதைக்கூட வாங்கவில்லை.

அப்பா எங்களோடு சில நாள் தங்க வந்திருந்தார். வயது எழுபத்தாறு. சீட் பெல்ட் என்பது அவருக்குக் கடைசிக் காலத்தில் வந்து சேர்ந்த பழக்கம். தானாக ஞாபகம் வராது. தம்பி காரில் ஏறினால், சத்தம் வந்ததும் "இதோ போட்டுட்டேன், போட்டுட்டேன்" என்று அந்தக் காரிடமே சொல்லிக்கொண்டு பெல்ட்டை இழுப்பார். சத்தம் வந்தால் பெல்ட், இதுதான் அவர் பழகிக்கொண்ட முறை.

கண் பரிசோதனைக்கு அவரை அழைத்துக்கொண்டு போனேன். பையைப் பின்னால் போட்டுவிட்டு அவரை முன்னால் உட்கார வைத்தேன். மாட்டியிருந்த பெல்ட்டின் மேலேயே சாய்ந்து உட்கார்ந்தார். கதவு சரியாக மூடியிருக்கிறதா என்று நானே பார்த்தேன். என் பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன். கிளம்பினோம். சத்தம் வரவில்லை. எனக்கும் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. அந்த வண்டியில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஏழு மாத அமைதி என்னையும் பழக்கிவைத்திருந்தது.

நாற்பது கிலோமீட்டர் வேகம் இருக்கும். அவர் மடியிலிருந்த கண்ணாடிக் கூடு நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தார். அதே நேரம் சந்திலிருந்து ஒரு பையன் சைக்கிளில் குறுக்கே வந்துவிட்டான். முழு பலத்தோடு பிரேக்கை மிதித்தேன். யார் மேலும் மோதவில்லை. சைக்கிள் நிற்காமல் போய்விட்டது. சாலையில் போன யாருக்கும் அங்கே ஏதோ நடந்தது என்றே தெரிந்திருக்காது.

அப்பாவின் நெற்றி டேஷ்போர்டில் இடித்தது. ஊன்றிய வலது கை மணிக்கட்டில் மடங்கிவிட்டது. மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கச் சில்லு கழன்று காலடியில் கிடந்தது. மூக்கோடு ஒட்டியிருந்த அந்தச் சின்ன ரப்பர்த் துண்டு கிழித்து, மூக்கின் ஓரமாக ஒரு கோடு போல ரத்தம் வந்து சட்டைப் பையில் சொட்டியது. அவர் முதலில் கேட்டது "அந்தப் பையனுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றுதான்.

எக்ஸ்ரேவுக்காக உட்கார்ந்திருந்தபோது, "பெல்ட் போடலையாப்பா?" என்று கேட்டேன். என்னைப் பார்த்து, "மணி அடிக்கலையேப்பா. உன் வண்டியில வேண்டாம் போலன்னு நினைச்சேன்" என்றார்.

குற்றம் சாட்டிச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. எழுதுகிற கை, சாப்பிடுகிற கை. தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டேன். கழுத்துப் பொத்தான் போடும்போது தலையைச் சற்று நிமிர்த்திக் கொடுப்பார், சின்னப் பிள்ளையில் நான் அவரிடம் நிமிர்த்திக் கொடுத்தது போலவே. ஆறு வாரமும் ஒரு நாள்கூட அந்தச் சத்தத்தைப் பற்றி அவர் பேசவில்லை.

இதைப் படித்துவிட்டுச் சிலர் என்ன சொல்வார்கள் என்று தெரியும். "நீ ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் போதுமே, சத்தத்தின் மேல் ஏன் பழி?" என்பார்கள். பழி என் மேல்தான், மறுக்கவில்லை. ஆனால் மனிதன் திரும்பிப் பார்க்க மறந்துவிடுவான் என்பதற்காகத்தானே அந்தச் சத்தத்தையே வைத்திருக்கிறார்கள்.

"ஏர்பேக் இருக்கிறதே" என்பார்கள். வெறும் பிரேக்குக்கு ஏர்பேக் திறக்காது, மோதலுக்குத்தான் திறக்கும். திறக்கும்போது ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கைவிடக் குறைந்த நேரத்தில் வெடித்து விரிகிறது. பெல்ட் இல்லாமல் முன்னால் சரிந்து கிடக்கிறவரின் முகத்தில் அது அந்த வேகத்தில் வந்து அறையும். பெல்ட் நம்மைச் சாய்மானத்தோடு பிடித்து வைத்திருக்கும் என்ற கணக்கில் செய்யப்பட்டது அது. சில கார்களில் பெல்ட் போட்டிருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து, ஏர்பேக் எவ்வளவு பலமான மோதலுக்குத் திறக்க வேண்டும் என்ற அளவே மாறும். பக்கிளில் வெறும் கொக்கியைச் செருகினால் அந்தக் கணக்குக்கும் சேர்த்துப் பொய் சொல்லிவிடுகிறோம்.

"தீப்பிடித்தால், தண்ணீரில் விழுந்தால் பெல்ட்டில் மாட்டிக்கொள்வோமே" என்றும் ஒரு வாதம் உண்டு. பெல்ட் போட்டவருக்கு அந்த நேரத்தில் சுயநினைவு இருக்க வாய்ப்பு அதிகம், அவரால்தான் பக்கிளை அழுத்திக் கழற்ற முடியும். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்ச் சுவரில் மோதி நிற்பது ஏறக்குறைய பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். பள்ளிக்கூடத்தில் படித்த சூத்திரத்தைப் போட்டு நீங்களே கணக்குப் பார்க்கலாம். கையை ஊன்றித் தடுக்கிற விஷயம் இல்லை இது.

இந்த எரிச்சல் உங்களுக்கும் எனக்கும் மட்டும் வந்ததும் இல்லை. இன்று நாம் போடுகிற, தோளிலிருந்து இடுப்புக்கு வரும் மும்முனை பெல்ட்டை 1959-இல் வால்வோ நிறுவனத்துப் பொறியாளர் நில்ஸ் போலின் கொண்டுவந்தார். மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தட்டும் என்று வால்வோ அந்தக் காப்புரிமையைத் திறந்துவிட்டது. பெல்ட் வந்துவிட்டது, ஆனால் ஜனங்கள் போடவில்லை. அமெரிக்காவில் 1974 மாடல் கார்களில், முன் சீட்டில் இருப்பவர்கள் பெல்ட் மாட்டாமல் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது என்று வைத்தார்கள். சீட்டில் பையை வைத்தாலும் நாயை உட்கார வைத்தாலும் வண்டி கிளம்பாது. மக்கள் கொதித்துப்போனார்கள். அதே ஆண்டு முடிவதற்குள் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டம் போட்டு அந்தக் கட்டாயத்தை நீக்கியது. எச்சரிக்கைச் சத்தமும் எட்டு விநாடிக்கு மேல் கட்டாயம் இல்லை என்று ஆக்கியது. ஆக, நம் பை பிரச்சினைக்கு அரை நூற்றாண்டு வயது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சத்தத்தை நிறுத்துவதற்கு முன், அது எப்போது அடிக்கிறது என்று பாருங்கள்.

பையினால் அடிக்கிறது என்றால் பையை சீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். முன் சீட்டுக்குப் பின்னால் தரையில் வையுங்கள், அல்லது டிக்கியில் போடுங்கள். நான் இப்போது அதைத்தான் செய்கிறேன். இரண்டு நாளில் பழகிவிட்டது. இதற்காகவா ஏழு மாதம் அப்படி ஓட்டினேன் என்று இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது. பையைத் தரையில் வைத்தால் திடீர் பிரேக்கில் அது பறந்து வந்து யார் மேலும் விழாது என்பது கூடுதல் லாபம்.

பெல்ட் கழுத்தை அறுக்கிறது, மூச்சு முட்டுகிறது என்பதால் போடாமல் இருக்கிறீர்களா? நிறையப் பேர் வெளியே சொல்லாத காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். கதவுகளுக்கு நடுவே உள்ள தூணில் பெல்ட் தொடங்கும் இடத்தைப் பாருங்கள், பல கார்களில் அதை மேலும் கீழும் நகர்த்தலாம். தோளின் நடுவில் படியும்படி வையுங்கள். கீழ்ப் பட்டை வயிற்றின் மேல் ஏறாமல் இடுப்பு எலும்பின் மேல் தாழ்வாக இருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் அப்படித்தான், வயிற்றுக்குக் கீழே. என் மனைவிக்கு அந்தத் தூணில் இரண்டு படி இறக்கியதும் வருஷக்கணக்காக இருந்த தொல்லை தீர்ந்தது.

பெல்ட் போட்ட பிறகும் அடிக்கிறது, அல்லது சீட் காலியாக இருக்கும்போதே அடிக்கிறது என்றால் அது பழுது. பக்கிளுக்குள் நாணயமோ தூசியோ போயிருக்கலாம், குளிர்பானம் கொட்டிப் பிசுபிசுத்திருக்கலாம். வண்டியைச் சுத்தம் செய்தபோது சீட்டை முன்னும் பின்னும் தள்ளியதில் அடியிலுள்ள ஒயர் கனெக்டர் தளர்ந்திருக்கலாம். வெளிச்சம் போட்டுப் பாருங்கள், கண்ணில் படுகிற குப்பையை எடுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறத்தில் தெரிகிற ஒயரும் கனெக்டரும் ஏர்பேக், பெல்ட்டை இறுக்கும் வெடி அமைப்பு ஆகியவற்றைச் சேர்ந்தவை. இணையத்தில் யாரோ சொன்னார்கள் என்று அவற்றைப் பிடுங்காதீர்கள். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து எந்தப் பாகம் கெட்டிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். நான் போன ஒரு பட்டறையில், காரணத்தைப் பார்க்காமலே "சத்தத்தையே எடுத்துவிடட்டுமா சார், எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்" என்றார்கள். அந்த இடத்துக்கு அப்புறம் போகவில்லை.

சில கார்களில் திரையில் உள்ள மெனு வழியாகவே சில எச்சரிக்கை ஒலிகளின் அளவைக் குறைக்கலாம், கையேட்டில் பாருங்கள். கையேடு என்றதும் இன்னொரு ஆத்திரம் வருகிறது, மன்னியுங்கள். பெல்ட்டுக்கு மணி அடிக்கத் தெரிந்த அதே கார்க்காரர்கள், ஏசியைக் குறைக்க இருந்த திருகு குமிழை எடுத்துவிட்டுத் தொடுதிரையில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். குமிழ் என்றால் கண்ணை எடுக்காமல் கை தானாகப் போகும். திரை என்றால் பார்க்க வேண்டும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி திரையைப் பார்த்தால் வண்டி முப்பத்துமூன்று மீட்டர் போய்விடும், அதுவரை சாலையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அதற்கு ஒரு மணியும் அடிப்பதில்லை. நான் அலறுவதாக இருந்தால் அதை எதிர்த்துத்தான் அலறுவேன்.

வீட்டு வாசலிலிருந்து ஷெட்டுக்குள் வண்டியை நகர்த்தும் அந்த அரை நிமிடத்துக்கு மட்டும் அடிக்கிறது என்றால், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். பெரும்பாலான வண்டிகளில் அந்த வேகத்துக்குப் பலமான சத்தம் வராது. வந்தால் வண்டியின் மாடல், எந்த ஆண்டு வாங்கியது, எந்த சீட்டுக்கான விளக்கு எரிகிறது, அப்போது அந்த சீட்டில் என்ன இருக்கிறது என்பதைக் கேள்வியில் சேர்த்து எழுதுங்கள். பக்கிளா, மெத்தையா, ஒயரா என்று சொல்ல முயற்சி செய்கிறேன். அதுவரை அந்தக் கொக்கியை மட்டும் வாங்கிவிடாதீர்கள்.