தெரிந்த சொற்களில்தான் மதிப்பெண் போகிறது

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்தவள். வெளிநாட்டு பையர்களோடு நாள் முழுக்க மெயிலில்தான் வேலை என்பதால் ஆங்கிலம் ஓரளவு பிடிபட்டுவிட்டது. இணையத்தில் எழுதிப் பார்த்த தேர்வுகளில் ‘பி2’ என்று வருகிறது. மேற்படிப்புக்காக ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் அகாடமிக் பிரிவை எழுத வேண்டும். ரீடிங்கில், அதாவது வாசிப்புத் தாளில், 7 மதிப்பெண் (‘பேண்ட்’) கேட்கிறார்கள். மாதிரித் தேர்வில் 6-ஐத் தாண்ட முடியவில்லை. இலக்கணப் பயிற்சிப் புத்தகம் ஒன்றை இரண்டு முறை முடித்துவிட்டேன், விடைகளும் பெரும்பாலும் சரியாகவே வருகின்றன. தினமும் இருபது புதுச் சொற்களை மனப்பாடம் செய்கிறேன். இனி எப்படிப் பயிற்சி செய்வது?

பதில்: உழைப்பில் குறையில்லை, உழைக்கும் இடம்தான் தவறு. முதலில் ஒரு கணக்கைப் பார்த்துவிடலாம். ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலில் ஏ1 தொடங்கி சி2 வரை ஆறு படிகள். பி2 நான்காவது படி. ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண்ணில் 5.5 முதல் 6.5 வரை பி2. 7 வாங்கினால் சி1-க்குள் கால் வைத்துவிட்டீர்கள். ஒரு மதிப்பெண்தானே என்று தோன்றும், ஏற வேண்டியது ஒரு முழுப் படி. ஆரம்பத்திலிருந்து பி2 வரை வர 500 முதல் 600 மணி நேரமும், சி1 வரை வர 700 முதல் 800 மணி நேரமும் ஆகும் என்பது கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பு தரும் தோராயக் கணக்கு. இடையில் இருப்பது சுமார் 200 மணி நேரம். வேலைக்குப் போய்க்கொண்டே தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஆறேழு மாதம் பிடிக்கும். ‘முப்பது நாளில் 7 பேண்ட்’ போஸ்டர்களை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

இன்னொரு கணக்கு கொஞ்சம் தெம்பு தரும். அகாடமிக் ரீடிங்கில் மொத்தம் 40 கேள்விகள். 23 சரியானால் ஏறத்தாழ 6, 30 சரியானால் 7. உங்களுக்குத் தேவை இன்னும் ஏழு சரியான விடைகள். கடைசியாக எழுதிய மாதிரித் தாளை எடுத்து, தப்பாய்ப் போன ஒவ்வொரு விடைக்கும் எதிரே ‘ஏன் தப்பு’ என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். சொல் தெரியாமல் போனது ஒன்றிரண்டு இருக்கும். மற்றவை ‘மோஸ்ட்’, ‘ஃப்யூ’, ‘மே’, ‘திஸ்’, ‘ஹேட்’ மாதிரி ஆறாம் வகுப்பிலேயே தெரிந்த சொற்களைத் தாண்டிக் கண் ஓடியதால் போனவை. பி2-வில் நின்றுபோகும் பெரும்பாலானோருக்கு இதுதான் கதை. பெரிய சொற்களைத் தேடி ஓடுகிறார்கள், சின்னச் சொற்கள் காலை வாருகின்றன.

இலக்கணப் புத்தகம் ஏன் உதவவில்லை? ‘பிரசென்ட் பெர்ஃபெக்ட்’ என்று தலைப்புப் போட்ட பாடத்தின் கீழே பத்துக் கோடிட்ட இடங்கள் இருந்தால், பத்திலும் என்ன வரும் என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. நீங்கள் செய்வது வினைச்சொல்லின் வடிவத்தை மாற்றுவது மட்டும். இங்கே எந்தக் காலம் வர வேண்டும் என்ற முடிவை எடுக்கவே இல்லை. மெயில் எழுதும்போது தலைப்புப் போட்டு யாரும் தருவதில்லை, மாட்டிக்கொள்கிறோம். மூன்றாவது முறை அந்தப் புத்தகத்தைத் தொடுவதானால் வரிசையாகப் போகாதீர்கள். ஐந்து பாடங்களிலிருந்து இரண்டிரண்டு கேள்விகளைப் பொறுக்கி ஒரு தாளில் கலந்து எழுதி, இரண்டு நாள் கழித்து விடை போடுங்கள். மதிப்பெண் சட்டென்று குறையும். குறைவதுதான் உண்மையான மதிப்பெண்.

அதைவிட நல்ல பயிற்சிப் புத்தகம் உங்கள் மெயிலின் ‘சென்ட்’ பெட்டியில் இருக்கிறது. போன மாதம் அனுப்பிய நீளமான மெயில்கள் பத்தை அச்சடித்து, சிவப்புப் பேனாவோடு உட்காருங்கள். தமிழ் பேசும் நாம் எழுதும் ஆங்கிலத்தில் திரும்பத் திரும்ப வரும் பிழைகள் கைவிரலில் எண்ணக்கூடியவைதான். ‘தி ஃபேப்ரிக் ஹேஸ் அரைவ்டு யெஸ்டர்டே’ என்று எழுதியிருப்பீர்கள். நேற்று என்று நாளைக் குறிப்பிட்டுவிட்டால் ‘ஹேஸ்’ வராது, ‘அரைவ்டு’ மட்டும் போதும். ‘கேன் யூ டெல் மீ வென் வில் யூ அப்ரூவ்’ என்பதில் கேள்வி முன்னாலேயே முடிந்துவிட்டது. பின்னால் வருவது ‘வென் யூ வில் அப்ரூவ்’ என்று சாதாரண வரிசையில் இருக்க வேண்டும். ‘ஐ யூஸ்டு டு செக் மெயில்ஸ் அட் நைன்’ என்பது இன்னும் வில்லங்கம். தினமும் ஒன்பது மணிக்குப் பார்ப்பேன் என்று சொல்ல நினைத்து எழுதியிருப்பீர்கள். லண்டனில் இருக்கும் பையர் அதை ‘முன்பெல்லாம் பார்ப்பேன், இப்போது பார்ப்பதில்லை’ என்று படிப்பார். அங்கே ‘ஐ யூஷுவலி செக்’ வர வேண்டும்.

அப்புறம் ‘எ’, ‘தி’. தமிழில் இதற்கு நேரான ஏற்பாடு கிடையாது, அதனால் எத்தனை விதி படித்தாலும் கை நழுவும். விதியை விட்டுவிட்டு, படிப்பவர் பக்கம் நின்று யோசியுங்கள். திங்கட்கிழமை ‘எ சாம்பிள்’ அனுப்பினோம் என்று முதல் வரியில் எழுதுகிறீர்கள். அடுத்த வரியில் அதே சாம்பிளைப் பற்றிப் பேசும்போது ‘தி சாம்பிள்’ என்றால் பையருக்குக் குழப்பமில்லை. மறுபடி ‘எ சாம்பிள்’ என்றால் இரண்டாவதாக வேறொன்று வருகிறதா என்று கேட்பார். எந்தப் பொருளைச் சொல்கிறேன் என்பது படிப்பவருக்குத் தெரியுமா தெரியாதா? பெயர்ச்சொல் வரும் இடமெல்லாம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பழகினால் பாதிப் பிழைகள் குறைந்துவிடும். மீதி பாதிக்குப் படித்துப் படித்துக் காது பழகுவதைத் தவிர வழியில்லை.

இது எழுத்துக்கு மட்டுமான சங்கதி இல்லை. ‘தேர் இஸ் எ லிட்டில் எவிடென்ஸ்’ என்றால் கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது. அதே வரியில் அந்த ‘எ’ மட்டும் இல்லாவிட்டால் ஆதாரம் இல்லை என்றே சொல்லலாம் என்று பொருள். ‘எ ஃப்யூ’, ‘ஃப்யூ’ கதையும் இதேதான். ஒரு எழுத்தைக் கவனிக்காததற்கு ஒரு கேள்வி போகும்.

நீங்கள் எழுதப்போவது ஐஇஎல்டிஎஸ்தான் என்றாலும், கேம்பிரிட்ஜின் ‘பி2 ஃபர்ஸ்ட்’ தேர்வின் மாதிரித் தாள்களைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. அதன் ‘ரீடிங் அண்ட் யூஸ் ஆஃப் இங்கிலீஷ்’ தாளில் ஏழு பகுதிகள். உங்களுக்கு முக்கியமாக வேண்டியவை மூன்று. இரண்டாம் பகுதியில் ஒரு பத்தியிலிருந்து எட்டுச் சொற்களை எடுத்திருப்பார்கள், தேர்ந்தெடுக்க விடைகளும் கிடையாது. எடுத்தவை பெரும்பாலும் நாம் பேசிக்கொண்டிருக்கும் சின்னச் சொற்கள். நான்காம் பகுதியில் ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, ஒரு சொல்லையும் கொடுத்து, பொருள் மாறாமல் வேறு வடிவத்தில் எழுதச் சொல்வார்கள். உதாரணமாக ‘ஐ ரிக்ரெட் நாட் டெல்லிங் ஹிம்’ என்பதை ‘விஷ்’ வைத்து எழுத வேண்டும். ‘ஐ விஷ் ஐ டோல்டு ஹிம்’ என்று எழுதத்தான் கை போகும். நடந்து முடிந்ததைப் பற்றிய வருத்தம் ஆகையால் ‘ஐ விஷ் ஐ ஹேட் டோல்டு ஹிம்’. இலக்கணத்துக்கு இதைவிடச் சிக்கனமான பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. ஐஇஎல்டிஎஸ் ரீடிங்கிலும் பத்தியில் ஒரு விதமாகச் சொன்னதைக் கேள்வியில் வேறு விதமாகச் சொல்லித்தானே மடக்குகிறார்கள்?

ஆறாம் பகுதியில் ஒரு கட்டுரையிலிருந்து ஆறு வாக்கியங்களை உருவி, கூடுதலாக ஒன்றைச் சேர்த்து ஏழாகக் கொடுத்திருப்பார்கள். எது எங்கே பொருந்தும்? ‘திஸ்’, ‘சச்’, ‘தி ஃபார்மர்’, ‘ஹவ்எவர்’ போன்றவை எதைச் சுட்டுகின்றன என்று பார்த்தால்தான் விடை கிடைக்கும். வீட்டில் செய்ய இதற்கு எளிய வழி உண்டு. படிக்கும் கட்டுரையில் ‘திஸ்’, ‘தீஸ்’, ‘இட்’ வரும் இடமெல்லாம் வட்டம் போட்டு, அது சுட்டும் பொருள்வரை ஒரு அம்புக்குறி இழுங்கள். அம்பு எங்கே போகும் என்று தெரியாத இடத்தில்தான் கட்டுரை உங்களுக்குப் புரியாமல் போயிருக்கிறது.

சொல்வளத்துக்கு வருவோம். தினம் இருபது ரொம்ப அதிகம், ஏழெட்டுப் போதும். அதுவும் பட்டியலிலிருந்து எடுக்காமல், அன்று படித்த கட்டுரையிலிருந்து எடுங்கள். பட்டியல் இல்லாமல் மனசு கேட்காது என்றால் ஒரே ஒரு பட்டியலைச் சொல்கிறேன். நியூசிலாந்தின் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-ல் வெளியிட்ட ‘அகாடமிக் வேர்டு லிஸ்ட்’. பல துறைக் கல்வி நூல்களிலும் அடிக்கடி வரும் 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) அதில் இருக்கின்றன. மேற்படிப்புக்குப் போகப்போகிற உங்களுக்கு அது கச்சிதம்.

சொல்லுக்கு எதிரே தமிழ்ப் பொருள் எழுதுவது குற்றம் என்று சில ஆசிரியர்கள் சொல்வார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. ஆனால் அதோடு நிறுத்தினால் படிக்கும்போது மட்டும்தான் அந்தச் சொல் உதவும். ‘எவிடென்ஸ்’ என்றால் ஆதாரம் என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அதைப் பன்மையாக ‘எவிடென்சஸ்’ என்று எழுத முடியாது, ‘எவிடென்ஸ் சஜஸ்ட்ஸ்’ என்று தொடரும், பக்கத்தில் ‘ஸ்ட்ராங்’ வரும், ‘எவிடென்ட்’, ‘எவிடென்ட்லி’ என்று உறவினர்கள் உண்டு. இவ்வளவும் சேர்ந்தால்தான் அந்தச் சொல் கைவசம். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சின்ன அட்டை போடுங்கள். அதன் முன்பக்கம் கட்டுரையில் வந்த வாக்கியத்தை அப்படியே எழுதி, அந்தச் சொல் இருந்த இடத்தைக் காலியாக விடுங்கள், பின்பக்கம் சொல். மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, பிறகு மாதம் கழித்து என்று இடைவெளி விட்டு எடுத்துப் பாருங்கள். ‘அங்கி’ (Anki) என்ற அட்டைச் செயலி இந்தக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும். அகராதியும் ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே போட்டதாக இருக்கட்டும். கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு இரண்டின் இணைய அகராதிகளிலும் பல சொற்களுக்குப் பக்கத்தில் பி1, பி2, சி1 என்று படிநிலை போட்டிருக்கும். சி2 என்று போட்டிருந்தால் இப்போதைக்கு விட்டுவிடலாம்.

வாசிப்பை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நூறு சொல்லில் தெரியாதது ஒன்றிரண்டுக்கு மேல் இல்லாத எழுத்தை வேகமாக, அகராதி தொடாமல், பிடித்த விஷயமாகப் பார்த்து நிறையப் படியுங்கள். கிரிக்கெட்டோ ஃபேஷனோ எதுவானாலும் சரி. பால் நேஷன் என்ற ஆய்வாளரின் கணக்குப்படி, ஒரு எழுத்தின் 98 விழுக்காடு சொற்கள் தெரிந்திருந்தால்தான் பிறர் உதவியின்றித் தடங்கல் இல்லாமல் படிக்க முடியும். ஐந்தாறு சொல் தெரியாத எழுத்து இன்னொரு வகை. அது வாரத்துக்கு இரண்டு போதும், ஆனால் ஒவ்வொன்றையும் சக்கையாகப் பிழிய வேண்டும். வட்டம், அம்பு, அட்டை எல்லாம் அதில்தான். கடைசியில் ஒரு பத்தியின் குறிப்புகளை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு, மூலத்தை மூடிவிட்டு, அந்தப் பத்தியை நீங்களே ஆங்கிலத்தில் எழுதி மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த ‘தி’ விட்டுப்போனது, எந்த ‘ஹேட்’ காணோம் என்று உடனே தெரிந்துவிடும்.

‘ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்’ கேள்விகளில்தான் உங்களுக்கு அதிகம் போயிருக்கும் என்று ஊகிக்கிறேன். கொடுத்த கூற்று பத்தியோடு ஒத்துப்போனால் ‘ட்ரூ’, முரண்பட்டால் ‘ஃபால்ஸ்’, பத்தி அதைப் பற்றிச் சொல்லவே இல்லை என்றால் ‘நாட் கிவன்’. இப்படி ஒரு பத்தி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: ‘அந்த நகரின் பெரும்பாலான சாயப்பட்டறைகள் ஆற்றங்கரையை விட்டு வெளியேறின. அதற்குப் பிறகு ஆற்று நீரின் தரம் உயரத் தொடங்கியது.’ எல்லாப் பட்டறைகளும் வெளியேறின என்று கேட்டால் ‘ஃபால்ஸ்’. பெரும்பாலானவை என்றால் சில மிஞ்சியிருக்கின்றன. நீதிமன்ற உத்தரவால் வெளியேறின என்று கேட்டால்? 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரில் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதைப் பார்த்தவர் நீங்கள், ‘ட்ரூ’ என்று போடத் தோன்றும். பத்தியில் காரணமே இல்லை. விடை ‘நாட் கிவன்’. உங்களுக்குத் தெரிந்த உலகத்தை அந்த ஒரு மணி நேரம் வெளியே நிறுத்தி வையுங்கள். விடை போடும் முன் எந்த வரியைப் பார்த்துப் போடுகிறேன் என்று விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். முடியாவிட்டால் ‘நாட் கிவன்’ஆக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

வேகத்தைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். ஒரு மணி நேர ரீடிங் தாளில் மூன்று கட்டுரைகளும் சேர்ந்து அதிகபட்சம் 2,750 சொற்கள். நிமிடத்துக்கு 150 சொல் படித்தால் 18 நிமிடம். மீதி 40 நிமிடத்துக்கு மேல் கேள்விகளுக்கு இருக்கிறது. ‘ஸ்பீட் ரீடிங்’ வகுப்பெல்லாம் தேவையே இல்லை. நேரத்தைத் தின்பது, ஒரே வரிக்குத் திரும்பத் திரும்பப் போவதுதான். எளிய எழுத்தை நிறையப் படிக்கச் சொன்னதே அதற்காகத்தான்.

ஏஐ செயலிகளைப் பயன்படுத்தலாம், ஆனால் மெயிலைக் கொடுத்துத் திருத்தித் தரச் சொல்லாதீர்கள். ‘எந்த வரியில் பிழை என்று மட்டும் சொல், என்ன பிழை என்று சொல்லாதே’ என்று கேளுங்கள். நீங்களே தேடித் திருத்திய பிறகு விளக்கம் கேட்டால் மனதில் நிற்கும்.

நேரம் வைத்து முழுத் தாள் எழுதுவதைக் கடைசி இரண்டு மாதத்துக்குத் தள்ளிப் போடுங்கள். வாரத்துக்கு ஒரு தாள் போதும், தப்பான விடைகளை அலச அதே அளவு நேரம் ஒதுக்க வேண்டும். தொடர்ந்து மூன்று தாள்களில் 30-ஐத் தொட்ட பிறகு தேர்வுக்குப் பணம் கட்டுங்கள். மதிப்பெண் பொதுவாக இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும் என்பதால், எந்த ஆண்டு சேரப்போகிறீர்கள் என்று முடிவானதும் அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுத் தேதி எடுங்கள்.