மாதம் 95 ரிங்கிட் வாடகைக்குத் தண்ணீர் இயந்திரம் எடுக்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். செந்தூலில் 17 மாடிக் கட்டடத்தில் 12ஆவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். நான், கணவர், 8 வயது மகள், மூன்று பேர்தான். வீட்டு ஒப்பந்தத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கிறோம். நான் கிளினிக்கில் வேலை செய்கிறேன். கணவர் இ-ஹெய்லிங் ஓட்டுகிறார். இருவருக்கும் சேர்த்து மாதம் 5,000 ரிங்கிட் அளவில் வருமானம். மூன்றாண்டுகளில் சொந்த வீடு வாங்க ஆசை. குடிப்பதற்குப் போத்தல் தண்ணீர் வாங்கவே மாதம் 60 ரிங்கிட் போகிறது.

போன வாரம் ஒரு முகவர் வந்து எங்கள் குழாய்த் தண்ணீரில் ஒரு கருவியை வைத்தார். தண்ணீர் சேறுபோலப் பழுப்பாகிவிட்டது. மகளை நினைத்துப் பயந்துபோனேன். சூடு, குளிர் இரண்டும் தரும் ஆர்ஓ (எதிர்ச்சவ்வூடு பரவல்) இயந்திரம், மாதம் 95 ரிங்கிட், 84 மாத ஒப்பந்தம், பதிவுக்கு 200 ரிங்கிட். ஃபில்டர் மாற்றுவது அவர்கள் பொறுப்பு. இடையில் நிறுத்தினால் மீதி வாடகையில் பாதியைக் கட்ட வேண்டும் என்று தாளில் இருக்கிறது. கடையில் கேட்டதற்கு, சிங்க்கின் அடியில் பொருத்தும் யூஎஃப் (நுண்துளைச் சவ்வு) வடிகட்டி 1,450 ரிங்கிட், ஆண்டுக்கு ஃபில்டர் செட் 280 ரிங்கிட் என்றார்கள். அத்தை வீட்டிலோ 350 ரிங்கிட் செராமிக் வடிகட்டிதான். அதன் மெழுகுவத்தி வடிவ ஃபில்டரை மாற்ற ஆண்டுக்கு 120 ரிங்கிட் ஆகிறதாம். எதை எடுப்பது?

பதில்: அந்த 84 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், சகோதரி. உங்கள் வீட்டுக்கு இப்போதைக்கு அத்தை வீட்டு வகையே போதும்.

முதலில் அந்தப் பழுப்புத் தண்ணீரைப் பார்ப்போம், ஏனென்றால் உங்களைக் கையெழுத்துவரை தள்ளியது அந்தப் பயம்தான். அந்தக் கருவியில் உள்ள உலோகக் கம்பிகளில் ஒன்று இரும்பு. மின்சாரம் பாயும்போது அந்த இரும்புதான் கரைந்து துருவாகத் தண்ணீரில் கலக்கிறது. குழாய்த் தண்ணீரில் இயற்கையாகக் கரைந்திருக்கும் உப்புகளால் மின்சாரம் பாய்கிறது. ஆர்ஓ தண்ணீரில் உப்பு இல்லாததால் பாய்வதில்லை, ஆகவே தெளிவாகவே நிற்கிறது. அடுத்த முறை யாராவது இதைக் காட்டினால், அவர்களுடைய சுத்தத் தண்ணீரில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டுவிட்டுக் கருவியை வைக்கச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும். சொட்டு மருந்து விட்டு மஞ்சளாக்கிக் காட்டுவதும் அப்படித்தான். அது காட்டுவது குளோரினை. கிருமி வளராமல் இருக்கச் சுத்திகரிப்பு நிலையத்திலேயே வேண்டுமென்று சேர்ப்பது அது. சுகாதார அமைச்சின் தரத்தின்படி லிட்டருக்கு 0.2 முதல் 5 மில்லிகிராம் வரை இருக்கலாம். வாசனை பிடிக்காது என்பது வேறு, விஷம் என்பது வேறு.

ஆர்ஓ சவ்வின் முக்கிய வேலை கரைந்த உப்புகளை நீக்குவது. கடலோரக் கிணற்று நீருக்கும் உவர்ப்பான ஆழ்துளை நீருக்கும் அது தேவை. கோலாலம்பூர்க் குழாயில் வருவது ஆற்று நீர், மென்மையானது. கரைந்த திடப்பொருளுக்கு அமைச்சு வைத்திருக்கும் உச்ச வரம்பு லிட்டருக்கு 1,000 மில்லிகிராம். இங்கே மீட்டர் வைத்தால் பெரும்பாலும் 200ஐக்கூடத் தொடாது. அதற்காக 8,000 ரிங்கிட் கொடுப்பது தேவையற்ற செலவு. உங்கள் மாதிரி அடுக்குமாடியில் உண்மையான தொல்லை வேறு: பழைய குழாய்த் துரு, மொட்டைமாடித் தொட்டியின் அடியில் படியும் வண்டல், குளோரின் வாசனை. வண்டலையும் கிருமியையும் செராமிக் தடுக்கும், வாசனையை அதன் உள்ளே இருக்கும் கரி எடுக்கும். உங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இனிப் பணக் கணக்கு. 95 ரிங்கிட்டை 84ஆல் பெருக்கினால் 7,980. பதிவுக் கட்டணத்தோடு 8,180. முகவர் சொல்லாத ஒன்று மின்சாரம். சூட்டுத் தொட்டியும் குளிர்த் தொட்டியும் நீங்கள் குடிக்காத நேரத்திலும், இரவு முழுக்கவும் ஓடுகின்றன. இந்த வகை இயந்திரம் நாளுக்கு ஒரு யூனிட்டைத் தாண்டுவது சாதாரணம். நாளுக்கு 1.2 யூனிட், யூனிட் 45 சென் என்று வைத்தால் மாதம் 16 ரிங்கிட், ஏழாண்டுக்கு ஏறத்தாழ 1,360. ஆக மொத்தம் 9,500ஐத் தாண்டுகிறது. இப்போது போத்தலுக்குக் கொடுக்கும் 60 ரிங்கிட்டை ஏழாண்டும் கொடுத்தால்கூட 5,040தான். அதாவது, நீங்கள் விட நினைக்கும் செலவைவிட வாடகை பெரியது.

கடையில் சொன்ன யூஎஃப் 1,450 ரிங்கிட். முதலாண்டு ஃபில்டர் உள்ளேயே இருக்கும். பிறகு ஆறு முறை 280, ஆக ஏழாண்டுக்கு 3,130. இரண்டாவது ஃபில்டர் செட்டையும் சேர்த்து 17ஆவது மாதத்திலேயே வாடகை இதை முந்திவிடுகிறது. செராமிக் 350, அதோடு ஆறு மாற்று ஃபில்டர் 720, மொத்தம் 1,070. வெந்நீர் தனியாகக் காய்ச்ச வேண்டுமே என்பீர்கள். ஒரு லிட்டரைக் கெட்டிலில் கொதிக்க வைக்க ஏறத்தாழ 0.1 யூனிட், 4.5 சென். 14 கிலோ கேஸ் 26.60 ரிங்கிட் என்ற கட்டுப்பாட்டு விலையில் அடுப்பில் காய்ச்சினால் 3 சென் அளவில். நாளுக்கு மூன்று லிட்டர் என்றால் கெட்டிலிலும் மாதம் 4 ரிங்கிட் அளவில் முடிந்துவிடும்.

ஆனால் என்னை அதிகம் உறுத்துவது வாடகைத் தொகை அல்ல, காலம். உங்கள் வீட்டு ஒப்பந்தம் ஓராண்டு, இயந்திர ஒப்பந்தம் ஏழாண்டு. இரண்டாண்டில் வீட்டுக்காரர் வீட்டைத் திரும்பக் கேட்டால், புதிய இடத்தில் இயந்திரத்தை வைக்க வசதி இல்லையென்றால், மீதி 60 மாதம், 5,700 ரிங்கிட், அதில் பாதி 2,850 ரிங்கிட் கட்டி வெளியே வர வேண்டும். அது ஏறத்தாழ இரண்டு யூஎஃப்பின் விலை. கழற்றி மாற்றிப் பொருத்தவும் தனிக் கட்டணம் இருக்கும், கேட்டுப் பாருங்கள். கணவருக்கு ஓட்டம் குறைந்த மாதத்தில் வாடகை நின்றால், நிலுவை சிடிஓஎஸ் (CTOS) என்ற கடன் வரலாற்று அறிக்கையில் ஏறலாம். மூன்றாண்டில் வீட்டுக் கடன் கேட்கப் போகும் குடும்பத்துக்கு, ஒரு தண்ணீர் இயந்திரத்தால் அந்தக் கறை வேண்டாம். 84 மாதம் முடிந்ததும் இயந்திரம் உங்களுடையது என்பார்கள். அப்போது அது ஏழாண்டுப் பழசு, உத்தரவாதம் முடிந்தது, ஃபில்டரும் பெரும்பாலும் அதே நிறுவனத்திடம்தான்.

வாடகை எல்லோருக்கும் தவறு என்று நான் சொல்லவில்லை. தனியாக இருக்கும் வயதானவர்கள், ஃபில்டர் மாற்ற ஆளில்லாத சொந்த வீடு, இரவில் பலமுறை பால் கலக்க வேண்டிய கைக்குழந்தை உள்ள வீடு: இவர்களுக்கு ஆள் வந்து பார்த்துவிட்டுப் போவதற்கு விலை உண்டு. அப்போதும் குறுகிய ஒப்பந்தத்தைத்தான் கேட்க வேண்டும், சேவை வரி சேர்த்த தொகையா என்றும் கேட்க வேண்டும்.

யூஎஃப் நல்ல பொருள்தான். துளை 0.01 மைக்ரான், மின்சாரம் வேண்டாம், கழிவுநீர் கிடையாது. அழுத்தமும் உங்களுக்குப் பிரச்சினை இல்லை: பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் (bar) அழுத்தம் என்ற கணக்கில், மொட்டைமாடித் தொட்டிக்குக் கீழே ஐந்து மாடி என்றால் ஏறத்தாழ 1.5 பார் கிடைக்கும், யூஎஃப்புக்கு அது போதும். ஆர்ஓவுக்குத்தான் 3 பார் அளவில் தேவைப்பட்டு உள்ளே பம்ப் வைப்பார்கள். யூஎஃப்பை நான் இப்போது தள்ளிப்போடச் சொல்வதற்குக் காரணம் அடுக்குமாடியும் வாடகையும். தனிக் குழாய்க்கு வீட்டுக்காரருடைய சிங்க்கில் துளை போட வேண்டும், அவர் அனுமதி எழுத்தில் வேண்டும். சிங்க்கின் அடியில் எந்நேரமும் அழுத்தத்தில் இருக்கும் கால் அங்குல பிளாஸ்டிக் குழாய், முனை சாய்வாக வெட்டப்பட்டிருந்தால் இணைப்பில் மெல்லக் கசியும். ஊருக்குப் போயிருக்கும்போது கசிந்தால் கீழ்வீட்டுக் கூரைக்கும் நீங்கள்தான் பொறுப்பு. சொந்த வீடு வந்ததும் யூஎஃப் வாங்குங்கள், தனி மூடுகுழாயோடு பொருத்தச் சொல்லுங்கள், வெளியூர் போகும்போது அதை மூடிவிடுங்கள்.

செராமிக் வாங்கும்போது பாருங்கள்: உறை 10 அங்குலப் பொது அளவாக இருக்கட்டும், எந்தக் கடை ஃபில்டரும் பொருந்தும். சொந்த அளவு வைத்திருக்கும் அழகான உறைகளைத் தவிருங்கள், மாற்று ஃபில்டர் கிடைக்காவிட்டால் அது குப்பை. மாற்று ஃபில்டரின் விலையைக் கேட்ட பிறகே உறையின் விலையைக் கேளுங்கள். பெட்டியில் என்எஸ்எஃப் 42 என்று மட்டும் இருந்தால் அது சுவை, குளோரின் பற்றிய சான்று. ஈயம் போன்ற உடல்நலக் கூறுகளுக்கு 53 வேண்டும், எந்தப் பொருளுக்கு என்றும் எழுதியிருக்க வேண்டும். 'ஆல்கலைன்', 'ஹைட்ரஜன்' என்று கூடுதல் நூறு இருநூறு கேட்டால் கொடுக்காதீர்கள். உங்கள் குழாயின் வாயில் உள்ள திருகை ஒரு படம் எடுத்துக்கொண்டு போங்கள். தண்ணீரை வடிகட்டிக்குத் திருப்பிவிடும் திசைமாற்றி அதில்தான் மாட்டும், இழுத்து நீட்டும் வகைக் குழாயில் பொருந்தாது.

பொருத்தியதும் முதல் பத்து லிட்டரைக் கொட்டிவிடுங்கள், கரித்தூள் வரும். ஒரு லிட்டர் நிரம்ப ஒன்றிரண்டு நிமிடம் ஆகும், அவசரத்துக்குத் திறந்து குடிக்கும் பொருள் இல்லை. இரவில் ஒரு ஜாடி பிடித்து மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். கரி குளோரினை எடுத்துவிடுவதால் வடிகட்டிய தண்ணீருக்குப் பாதுகாப்பு குறைவு, ஜாடியில் நாள்கணக்கில் வைக்காதீர்கள். ஓட்டம் மெலிந்தால் செராமிக்கைக் கழற்றிக் குழாய்நீரில் பச்சைத் தேய்ப்பானால் லேசாகத் தேயுங்கள். சோப்பு கூடாது, துளைக்குள் போய்த் தங்கிவிடும். கீழே விழுந்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கூடப் போதும், வடிகட்டாத தண்ணீர் அப்படியே நுழையும், மாற்றிவிடுங்கள். மேற்பகுதி நன்றாக இருக்கிறது என்று ஆண்டைத் தாண்டி ஓட்டாதீர்கள், உள்ளே கரி ஆயுள் முடிந்திருக்கும். ரப்பர் வளையத்துக்கு உணவுத்தர சிலிக்கோன் கிரீஸ் தடவுங்கள், வாஸலின் தடவினால் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். சுடுநீரை ஒருபோதும் விடாதீர்கள்.

தண்ணீர்த் தடைக்குப் பிறகு வருவது சிவப்பாக இருக்கும். அதை வடிகட்டிக்குள் விட்டால் ஒரே நாளில் அடைத்துக்கொள்ளும். திசைமாற்றியைத் திருப்பி, தெளியும்வரை சிங்க்கில் ஓடவிடுங்கள். அன்றைக்குக் கொதிக்க வைத்தே குடியுங்கள். 2020 செப்டம்பரில் கோங் ஆற்று மாசால் சிலாங்கூர் ஆற்றின் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டபோது எந்த இயந்திரமும் உதவவில்லை, குழாயிலேயே தண்ணீர் இல்லை. மூடியுள்ள தொட்டிகளில் ஆளுக்கு மூன்று நாள் குடிநீர் வைத்திருப்பது எந்த வடிகட்டிக்கும் கூடுதலான பாதுகாப்பு.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டிருந்தால் நாள்களை எண்ணுங்கள். வீடு தேடி வந்து செய்யும் விற்பனைக்கு 1993ஆம் ஆண்டின் நேரடி விற்பனைச் சட்டம் 10 வேலை நாள் அவகாசம் தருகிறது. ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடி, ரத்து செய்வதை எழுத்தில் அனுப்பி, அனுப்பியதற்குச் சான்று வைத்துக்கொள்ளுங்கள். முகவரிடம் வாய்ச்சொல்லாகச் சொன்னது கணக்கில் வராது. மறுத்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை.

350 ரிங்கிட்டுக்குக் கடன் அட்டை வேண்டாம். ஆறு மாதப் போத்தல் காசுதான் அது, சம்பளத்தில் கொடுத்துவிடுங்கள். பிறகு மாதம் 10 ரிங்கிட்டை மாற்று ஃபில்டருக்கென ஒதுக்கினால், மீதி 50 ரிங்கிட் உங்கள் கையில். கணவருக்கு முதலாளி கட்டும் இபிஎஃப் இல்லையென்றால், அவர் பெயரில், சுயதொழில் செய்வோருக்கான இபிஎஃப் திட்டமான ஐ-சாராஆனில் (i-Saraan) போடுங்கள். ஆண்டுக்கு 600 ரிங்கிட் போட்டால் அரசின் 20 விழுக்காடு ஊக்கத்தொகையாக 120 ரிங்கிட், ஈவுத்தொகை தனி. ஒன்றைத் தெரிந்து போடுங்கள்: அதில் 75 விழுக்காடு ஓய்வுகாலக் கணக்குக்குப் போகும், வீட்டு முன்பணத்துக்கு எடுக்க முடியாது. வீட்டுக்கான பணத்தைத் தனியாக, எளிதில் எடுக்கக்கூடிய இடத்தில் சேருங்கள்.