பயோடீசல் கலவைக்கு மாறும் முன் தொட்டியிலும் டிஸ்பென்சரிலும் பார்க்க வேண்டியவை

கேள்வி: எங்கள் எரிபொருள் நிலையத்தின் தொட்டி, குழாய், டிஸ்பென்சர் எல்லாம் டீசலுக்கென்றே ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் அமைக்கப்பட்டவை. இனி பி20 (20 விழுக்காடு பயோடீசல் கலந்த டீசல்) விற்க எண்ணுகிறோம். பிற்பாடு தூய பயோடீசலை வாங்கி நாங்களே கலக்கவும் விருப்பம் உண்டு. எவற்றை மாற்ற வேண்டியிருக்கும்?

பதில்: நீங்கள் கேட்டிருப்பது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும், பி20 விற்பதும் பி100 (டீசல் கலக்காத தூய பயோடீசல்) இருப்பு வைப்பதும் கருவிகளைப் பொறுத்தவரை முற்றிலும் வேறுபட்ட இரு வேலைகள். 5 விழுக்காடு வரை பயோடீசல் கலந்த எரிபொருளை அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் டி975 தரம் சாதாரண டீசலாகவே கருதுகிறது. ஐரோப்பாவின் இஎன் 590 தரத்தில் அந்த எல்லை 7 விழுக்காடு. 6 முதல் 20 விழுக்காடு வரையிலான கலவைக்கு ஏஎஸ்டிஎம்மில் டி7467 என்ற தனித் தரம் உண்டு. நல்ல நிலையில் உள்ள டீசல் கருவிகள் பெரும்பாலும் பி20 வரை தாங்கும். அதற்கு மேல் போனால், ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியே சான்று தேடாமல் எதையும் நம்பக் கூடாது. அமெரிக்காவின் நிலத்தடித் தொட்டி விதிகளும் 20 விழுக்காட்டையே எல்லையாகக் கொண்டு, அதைத் தாண்டிய கலவைக்கு மாறுபவர் 30 நாட்களுக்கு முன்பே அறிவித்து, கருவிகளின் பொருத்தத்தை நிரூபிக்க வேண்டும் என்கின்றன.

பயோடீசல் என்பது எண்ணெய் அல்லது கொழுப்பிலிருந்து செய்யப்படும் மெத்தில் எஸ்டர். அது டீசலைவிட வலிமையான கரைப்பான். இயற்கை ரப்பரும் சில வகை நைட்ரைல் ரப்பரும் அதில் ஊறினால் உப்பி, மென்மையாகி, நாளடைவில் பிளந்துவிடும். பழைய இணைப்பைக் கழற்றும்போது ஓ-ரிங்கை (வளைய வடிவ ரப்பர் சீல்) கையில் எடுத்துப் பாருங்கள்: தன் பள்ளத்தில் மீண்டும் அமராத அளவுக்குப் பருத்திருந்தாலோ, விரலால் தேய்த்தால் கறுப்பு ஒட்டினாலோ, அந்த வகை ரப்பர் அந்த இடத்துக்கு உதவாது. அதற்குப் பதிலாக ஃப்ளோரோகார்பன் ரப்பர் சீல்களையும் டெஃப்லான் பாகங்களையும் போடுவது பாதுகாப்பு. நாசில், ஹோஸ், சுழல் இணைப்பு, அவசர வால்வு, நீர்மூழ்கிப் பம்பின் கேஸ்கெட், கசிவறியும் கருவியின் உள்சீல், குழாய் மரைகளில் தடவும் பசை ஆகிய எல்லாவற்றிலும் இந்தச் சிக்கல் ஒளிந்திருக்கலாம். அந்தப் பசையைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். ஆனால் கசிவு அங்கிருந்தும் தொடங்கலாம்.

உலோகங்களில் எஃகு, துருப்பிடிக்காத எஃகு, அலுமினியம் ஆகியவை நன்றாகத் தாங்கும். செம்பு, பித்தளை, வெண்கலம், ஈயம், வெள்ளீயம், துத்தநாகம் ஆகியவை பயோடீசல் காற்றோடு சேர்ந்து கெட்டுப்போவதை விரைவுபடுத்தி, வண்டலை உண்டாக்குகின்றன. ஆகவே துத்தநாகப் பூச்சுள்ள குழாயும் பித்தளை இணைப்புகளும் எங்கே உள்ளன என்று குறித்து வையுங்கள். பி20-இல் இவற்றின் தாக்கம் குறைவு, பி100-இல் அப்படியல்ல. கண்ணாடி இழைத் தொட்டியாக இருந்தால், அந்தக் காலத்து ரெசின் எந்தக் கலவை வரை ஏற்கும் என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் பெறுங்கள்.

ஆனால் இத்தனை பாகங்களையும் விட உங்களுக்கு முதலில் தலைவலி தரப்போவது தொட்டியின் அடிமட்டம்தான். இருபது ஆண்டுகளாக டீசல் விட்டுச்சென்ற கசடு அங்கே படிந்திருக்கும். பயோடீசல் அதைக் கரைத்துக் கிளப்பிவிடும், அது நேரே ஃபில்டரில் போய் நிற்கும். டிஸ்பென்சரில் ஓட்டம் மெதுவாவது இதன் முதல் அறிகுறி. எரிபொருள் கெட்டது என்று பலரும் அப்போது நினைத்துவிடுகிறார்கள், உண்மையில் வருவது பழைய அழுக்கு. எனவே முதல் லோடு இறங்கும் முன் தொட்டியைத் துப்புரவாக்கி, தண்ணீரை முழுதும் அகற்றுங்கள்.

தண்ணீரைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். பயோடீசல் டீசலைவிட அதிக நீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும். டீசலும் நீரும் சந்திக்கும் எல்லையில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும். அடிமட்டத்திலிருந்து கண்ணாடிப் பாட்டிலில் ஒரு மாதிரி எடுத்து, அரை மணி நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். கீழே நீரும் மேலே எரிபொருளும் பிரிந்து, இடையில் வழுவழுப்பான கருநிறப் படலம் தெரிந்தால், அது நுண்ணுயிர் வளர்ச்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். கழுவாமல் கலவையை ஊற்றினால் அது கிளம்பி ஃபில்டரைத் தாக்கும். மிதவை அடிப்படையிலான நீர் அளவீட்டை மட்டும் நம்பாதீர்கள். நீரும் எரிபொருளும் பால் போலக் கலந்துவிட்டால் அது சரியாகக் காட்டாமல் போகலாம். மாதந்தோறும் கையால் மாதிரி எடுப்பதே நான் பரிந்துரைக்கும் வழி.

இனி நீங்களே கலப்பது. இறுதிக் கலவை பி20 என்றாலும், பயோடீசல் இருக்கும் தொட்டியும் அதிலிருந்து கலக்கும் இடம் வரையுள்ள பம்பும் குழாயும் 100 விழுக்காடு பயோடீசலையே சந்திக்கின்றன. அவை பி100-க்கே பொருந்த வேண்டும். பழைய தொட்டியை அதற்கு மாற்றுவதற்குப் பதிலாகத் தனித் தொட்டி அமைப்பதே நல்லது என்பது என் கருத்து. பி100 எளிதில் உறையும்: சோயா எண்ணெயிலிருந்து செய்தது 0 டிகிரி செல்சியஸை ஒட்டியும், பாமாயிலிலிருந்து செய்தது 15 டிகிரி அளவிலும் மங்கத் தொடங்கும். நான்கு மாதங்களுக்கு மேல் வைப்பதானால் ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் சேர்க்கை கட்டாயம் வேண்டும். அது டீசலைவிடக் கனமானதால், வெறுமனே ஊற்றினால் அடியில் தங்கிவிடும். முறையாகக் கலக்கும் ஏற்பாடு தேவை. சிந்தியதைத் துடைத்த துணிகளைக் குவித்து வைக்காதீர்கள், அவை தாமே சூடேறித் தீப்பற்றக்கூடும். சிந்தியது பெயின்டையும் கரைக்கும் என்பதால் உடனே துடையுங்கள்.

வேலையைத் தொடங்கும் முன், தொட்டி முதல் நாசில் வரை ஒவ்வொரு பாகத்தின் பெயர், மாடல் எண், எந்தக் கலவை வரை ஏற்கும் என்ற தயாரிப்பாளரின் எழுத்துச் சான்று ஆகியவற்றை ஒரே கோப்பில் சேருங்கள். சான்று கிடைக்காத பாகத்தை மாற்றிவிடுங்கள். மாறிய முதல் சில வாரங்களுக்கு உதிரி ஃபில்டர்களைக் கையிருப்பில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு டிஸ்பென்சரின் ஓட்ட வேகத்தையும் நாள்தோறும் குறித்து வாருங்கள். அது குறைந்த அன்றே ஃபில்டரை மாற்றி, கழற்றிய ஃபில்டரைப் பிரித்து உள்ளே என்ன சிக்கியிருக்கிறது என்று பாருங்கள். கருப்புக் கசடாக இருந்தால் தொட்டி இன்னும் சுத்தமாகவில்லை. வழுவழுப்பான படலமாக இருந்தால் அடியில் தண்ணீர் நிற்கிறது.