முதல் பிரசவம் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டது, இரண்டாவதற்கு ஊசி போட்டு வலி வரவழைக்க ஒத்துக்கொள்ளலாமா?

முதல் குழந்தை வலி கண்டு இரண்டு மணி நேரத்தில் பிறந்தது, மருத்துவமனை 40 நிமிடத் தொலைவு, 39 வாரம் முடிந்ததும் வலி வரவழைக்கலாம் என்று டாக்டர் சொல்கிறார், மாமியாருக்கு அதில் இஷ்டமில்லை. இதுதானே உங்கள் நிலைமை? கிட்டத்தட்ட என் கதையும் இதுதான். நான் டாக்டர் இல்லை, இரண்டு பெற்றவள். அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் பிரசவத்துக்குப் பொள்ளாச்சி பக்கம் ஆனைமலையில் அம்மா வீட்டில் இருந்தேன். விடிகாலை 3.40-க்கு இடுப்பில் பிடித்து இழுத்தது. "சூட்டு வலியா இருக்கும்" என்று அம்மா சீரகத்தைக் கருக்கிக் கஷாயம் வைத்தாள். சூட்டு வலி என்றால் அடங்கிவிடும், நிஜ வலி என்றால் கூடும், அதுதான் கணக்கு. கஷாயம் கொதித்து, ஆறி, நான் குடித்து, அடங்குகிறதா என்று காத்திருந்ததிலேயே முக்கால் மணி நேரம் போய்விட்டது. வண்டி பிடித்து மருத்துவமனைக்குள் நுழையும்போது 5.30. "முதல் பிரசவம்தானே, சாயந்தரம் ஆகும், போய்ப் படும்மா" என்றார் அங்கிருந்த சிஸ்டர். எனக்கோ டாய்லெட் வருகிற மாதிரி இருந்தது. போகலாமா என்று கேட்டேன், போய் வா என்றார். நல்லவேளை, கூட வந்த பெரியம்மா விடவில்லை. 6 மணிக்கு மகள் பிறந்துவிட்டாள். மொத்தம் 2 மணி 20 நிமிடம்.

அந்த 'டாய்லெட் வருகிற மாதிரி' இருக்கிறதே, அது குழந்தையின் தலை இறங்கி அழுத்துவது. குளியலறையில் பிள்ளை பிறந்த கதைகளில் பாதி இப்படித்தான் நடந்திருக்கும். கடைசி வாரங்களில் வலியோடு சேர்ந்து அப்படித் தோன்றினால் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்தாதீர்கள்.

வலி தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் குழந்தை பிறந்துவிட்டால் அதை அதிவேகப் பிரசவம் என்கிறார்கள். அடுத்ததும் அப்படியே ஆகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் பொதுவாகவே இரண்டாவது பிரசவம் முதலாவதைவிடச் சீக்கிரம் முடியும். ஆகவே ஏற்கெனவே வேகமாகப் பெற்றவள் அதைவிடக் குறைந்த நேரத்தை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். என்னைக் கேட்டால் இது ஊசி நல்லதா கெட்டதா என்ற கேள்வியே இல்லை. உங்கள் வீட்டு வாசலிலிருந்து பிரசவ அறை வரைக்கும் எத்தனை நிமிடம் என்பதுதான் கேள்வி. உங்கள் 40 நிமிடம் பகல் கணக்கா, ராத்திரி கணக்கா? வண்டி வந்து சேரும் நேரம் அதில் இருக்கிறதா? ரயில்வே கேட் இருக்கிறதா? ஒருநாள் இரவு வீட்டுக்காரரை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது உண்டானபோது நாங்கள் வால்பாறையில் எஸ்டேட் குடியிருப்பில் இருந்தோம். எனக்கு ஹீமோகுளோபின் 9.2-தான் இருந்தது, அதனால் பொள்ளாச்சியில் பெறுவதுதான் நல்லது என்றார்கள். பொள்ளாச்சி சுமார் 65 கிலோமீட்டர், நடுவில் 40 கொண்டை ஊசி வளைவுகள். யானை வழியில் நின்றால் அது நகரும்வரை நாமும் நிற்க வேண்டியதுதான். பல இடங்களில் போனில் சிக்னலும் இருக்காது. இதில் யோசிக்க ஒன்றுமில்லை. 37-வது வாரத்திலேயே மகளையும் கூட்டிக்கொண்டு மலையிறங்கி அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். தாய் வீட்டுக்குப் போகிற நம் வழக்கத்தில் இந்தப் புத்திசாலித்தனமும் இருக்கிறது.

முதலில் பார்த்த இடத்தில் 38 வாரம் ஆனதும் வந்து படுத்துவிடு என்றார்கள். ஏன் என்று கேட்டதற்குச் சரியான பதில் இல்லை. வேறு காரணம் இல்லாதபோது 39 வாரம் முடியும் முன் வலி வரவழைப்பது தேவையில்லை, குழந்தையின் நுரையீரலுக்கு அந்தக் கடைசி நாட்கள் வேண்டும். தேதியையும் முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன்படி எண்ணச் சொல்லுங்கள். கடைசி ஸ்கேனில் போட்டிருக்கும் தேதி முன்னே பின்னே இருக்கும். நான் மருத்துவரை மாற்றினேன்.

இணையத்தில் தேடினால் இரண்டு விஷயம் எதிர்ப்படும். ஒன்று, 2018-ல் வெளிவந்த அமெரிக்காவின் அரைவ் ஆய்வு. 39 வாரம் முடிந்ததும் வலி வரவழைத்தவர்களுக்குச் சிசேரியன் குறைந்தது, 18.6 சதவீதம். காத்திருந்தவர்களுக்கு 22.2. ஆனால் அது முதல் பிரசவக்காரர்களை மட்டும் வைத்துச் செய்தது, நம் கேள்விக்குப் பதில் அதில் இல்லை. இன்னொன்று, இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2008-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். முன்பு வேகமாகப் பெற்றாள் என்ற ஒரே காரணத்துக்காக எல்லாருக்கும் வழக்கமாக வலி வரவழைக்க முன்வர வேண்டாம் என்றது அது. இதை மாமியாரிடம் காட்டிவிடாதீர்கள், சந்தோஷப்படுவார்! அங்கே பயிற்சி பெற்ற மிட்வைஃப் வீட்டுக்கே வந்து பிரசவம் பார்க்க ஏற்பாடு உண்டு. நமக்கு நடுராத்திரியில் பக்கத்து வீட்டு அக்காதான்.

என் கேஸில் டாக்டர் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. 39 வாரம் முடிந்து இரண்டாம் நாள் உள்ளே பரிசோதித்தார். கர்ப்பவாய் எவ்வளவு திறந்திருக்கிறது, மிருதுவாகிவிட்டதா, தலை எங்கே நிற்கிறது என்று பார்த்து மதிப்பெண் போட்டார். அதற்கு பிஷப் ஸ்கோர் என்று பெயர், 1964-ல் பிஷப் என்ற மருத்துவர் வகுத்தது. 8-க்கு மேல் இருந்தால் உடம்பு தயார் என்று அர்த்தம். எனக்கு ஏற்கெனவே மூன்று சென்டிமீட்டர் திறந்திருந்தது. "உனக்கு ஜெல்லும் வேண்டாம், ட்ரிப்ஸும் வேண்டாம், பனிக்குடத்தை மட்டும் உடைத்துவிடுகிறேன்" என்றார். ஜெல் கர்ப்பவாயை மிருதுவாக்க, ட்ரிப்ஸ் வலியை வரவழைக்க. வேகமாகப் பெறுகிறவளுக்கு மருந்தும் கொடுத்தால் வலி இடைவெளி இல்லாமல் வந்து குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கக்கூடும். தலை நன்றாக இறங்கிப் பதிந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டுதான் உடைத்தார். தலை மேலேயே இருக்கும்போது உடைத்தால் தொப்புள்கொடி முன்னால் வழுக்கி வந்துவிடும் ஆபத்து உண்டு. உங்களுக்கு எது சரி என்று உங்கள் டாக்டரிடமே கேளுங்கள்.

காலை 8.15-க்கு உடைத்தார். இந்த முறை ஃபைல் அட்டையில் சிவப்புப் பேனாவால் 'முதல் பிரசவம் 2 மணி 20 நிமிடம்' என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டு நகரவே இல்லை. 10.05-க்குப் பையன். வீட்டுக்காரர் மருந்துக்கடை வரிசையில் நின்றிருந்தார். அப்புறம் ரத்தம் கொஞ்சம் அதிகமாகப் போனது. வேகமாகச் சுருங்கிய கர்ப்பப்பை சில சமயம் தளர்ந்துவிடுமாம். தொடையில் ஊசி, கையில் ட்ரிப்ஸ், ஒரு சிஸ்டர் வயிற்றைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். மருத்துவமனையில் இருந்ததால் அரை மணி நேரத்தில் கட்டுக்குள் வந்தது. மாமியாரிடம் சொல்ல வேண்டியது இதைத்தான்.

தேதி குறித்தாலும் வலி முந்திக்கொள்ளலாம், ஆகவே வீட்டையும் தயார் செய்யுங்கள். துவைத்து வெயிலில் காயவைத்த பழைய காட்டன் சேலை, நாலைந்து துண்டு, ஒரு ரப்பர் ஷீட், ஃபைல், குழந்தைக்குக் குல்லா, எல்லாம் ஒரே பையில் வாசல் பக்கம் இருக்கட்டும். சீரகக் கஷாயம் வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம், சீராக வர ஆரம்பித்ததுமே கிளம்புங்கள்.

வழியிலேயே ஆகிவிடும் போலிருந்தால் வண்டியை ஓரம் கட்டி 108-ஐக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் வையுங்கள். காலை இறுக்கி அடக்கப் பார்க்காதீர்கள். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, வாயால் ஊதி ஊதி மூச்சு விடுங்கள். குழந்தையை யாரும் இழுக்கக் கூடாது, வெறுமனே ஏந்தினால் போதும். உடனே துடைத்து, உங்கள் வெறும் மார்பில் போட்டு, தலையோடு சேர்த்துப் போர்த்த வேண்டும். வீட்டு பிளேடால் கொடியை அறுக்கவே கூடாது. நஞ்சுக்கொடி தானாக வந்தால் குழந்தையோடு சேர்த்தே ஒரு துண்டில் வையுங்கள், தொப்புள்கொடியைப் பிடித்து இழுக்காதீர்கள்.

பெரிய பிள்ளையை மறந்துவிடாதீர்கள். நடுராத்திரியில் அவள் தூங்கிக்கொண்டிருப்பாள், அவளை எழுப்பிக் கிளப்புவதற்குள் கால் மணி நேரம் ஓடிவிடும். பக்கத்து வீட்டில் சாவி ஒன்று கொடுத்து, நாங்கள் கூப்பிட்டால் வந்து அவள் பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள் என்று இன்றைக்கே சொல்லி வையுங்கள்.