தினமும் உடற்பயிற்சி செய்தும் கொழுப்பு குறையவில்லை. உணவா, உடற்பயிற்சியா, எது முக்கியம்?

ஆறு மாதமாகத் தினமும் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்தும் எடை அப்படியே நிற்கிறது, என் உடம்பில் என்ன கோளாறு என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் கோளாறு எதுவும் இருக்காது. (தைராய்டு மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், ஒரு ரத்தப் பரிசோதனைதான்.) நீங்கள் சோம்பேறியும் இல்லை, பொய்யும் சொல்லவில்லை. இதை முதலில் சொல்லக் காரணம், நான் இதே இடத்தில் நின்றபோது ஒருவர்கூட எனக்கு இதைச் சொல்லவில்லை.

கொழுப்பு குறைவதில் பெரும்பங்கு சாப்பாட்டுக்குத்தான். உடற்பயிற்சிக்கு வேறொரு வேலை இருக்கிறது, அதுவும் லேசான வேலை இல்லை, பின்னால் வருகிறேன்.

அப்போது நான் 92 கிலோ. ஜிம்மில் சேர்ந்து வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் டிரெட்மில்லில் நடந்தேன். பத்து மாதம். காய்ச்சல் வந்த ஒரு வாரம் தவிர ஒரு நாளும் விட்டதில்லை. பத்தாவது மாதக் கடைசியில் எடை பார்த்தால் 90. இரண்டே கிலோ. டிரெய்னர் என் அட்டையைப் பார்த்துவிட்டு, சுற்றி நாலு பேர் நிற்கும்போதே, "வீட்டுக்குப் போய் என்ன சார் பண்றீங்க? உண்மையைச் சொல்லுங்க" என்றார். நான் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இனிப்பை விட்டிருந்தேன், இரவில் பாதி வயிறுதான் சாப்பிட்டேன். அன்று வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றாமல் வாசற்படியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அக்காதான் அடுத்த வாரம் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிவந்து சமையல் மேடையில் வைத்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது, நீயும் என்னைச் சந்தேகப்படுகிறாயா என்று கேட்டேன். "நீ பொய் சொல்றேன்னு நான் சொல்லலடா. உனக்கே தெரியலையோன்னுதான் கேக்கறேன். ஒரு வாரம் எழுதிப் பாரு, அப்புறம் தூக்கிப் போட்டுடலாம்" என்றாள்.

முதல் நாளே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. சமையலுக்கு "ஒரு ஸ்பூன் எண்ணெய்" என்றுதான் எப்போதும் கணக்கு வைத்திருந்தேன். வாணலியைத் தராசில் வைத்து, அளவைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து, வழக்கம்போலப் பாட்டிலைச் சாய்த்தேன். 31 கிராம். கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி, எண்ணெய் என்பது முழுக்கக் கொழுப்பு, ஆக 279 கலோரி. ஒரு வேளைச் சமையலுக்கு, என் ஒருவனுக்கு மட்டும். அப்புறம் பாதாம். பசித்தால் ஒரு கைப்பிடி, உடம்புக்கு நல்லதுதானே என்று. என் கைப்பிடி 48 கிராம் இருந்தது. பாதாம் 100 கிராமில் 580 கலோரி பக்கம் இருக்கிறது, அப்படியானால் கைப்பிடிக்கு 280, நாளுக்கு இரண்டு கைப்பிடி. இரண்டையும் நான் எங்குமே எழுதியதில்லை. மறைக்கவில்லை, அது சாப்பாடாகவே என் மனதில் பதியவில்லை.

இப்போது நடையின் கணக்கு. 92 கிலோ ஆள் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால், அந்த நேரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும் கலோரியைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது 230 பக்கம். டிரெட்மில் திரை எனக்கு 450 என்று காட்டும், நான் அதை நம்பி இருந்தேன். ஒரு கிலோ உடல் கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். அதாவது 33 நாள் நடக்க வேண்டும், அந்த 33 நாளும் ஒரு வாய்கூடக் கூடுதலாகச் சாப்பிடாமல். ஒரு கைப்பிடி பாதாம் என் ஒரு மணி நேர நடையை விழுங்கிவிட்டு மேலே 50 கலோரியையும் சேர்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம்தான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 1992இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. எவ்வளவு குறைவாகச் சாப்பிட்டாலும் எங்களுக்கு எடை குறைவதில்லை என்று சொன்ன பத்துப் பேரை எடுத்து அளந்திருக்கிறார்கள். அவர்கள் உடம்பு செலவழிக்கும் ஆற்றல் இயல்பாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையில் சாப்பிட்டதைவிட சராசரியாக 47 சதவீதம் குறைவாகவும், செய்த உடலுழைப்பை 51 சதவீதம் அதிகமாகவும் சொல்லியிருந்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவமானத்தில் இல்லை, நான் தனி ஆள் இல்லை என்ற நிம்மதியில். அந்தப் பத்துப் பேரைப் பொய்யர்கள் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. தான்சானியாவில் வேட்டையாடி, கிழங்கு தோண்டி வாழும் ஹாட்ஸா மக்களை ஹெர்மன் பான்ட்சர் என்ற மானுடவியல் ஆய்வாளரின் குழுவினர் அளந்து 2012இல் வெளியிட்டார்கள். அத்தனை நடக்கிறார்கள், ஆனால் உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் அவர்கள் ஒரு நாளில் செலவழிக்கும் மொத்த கலோரி, நாற்காலி வேலை செய்யும் அமெரிக்கர்களைவிடக் கூடுதலாக இல்லை. உழைப்பு கூடினால் உடம்பு வேறு ஏதோ ஒன்றில் சிக்கனம் பிடித்துவிடுகிறது என்பது அவருடைய விளக்கம். இதில் எல்லா ஆய்வாளர்களும் ஒத்துப்போகவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் நடந்துவிட்டு வந்த நாட்களில் நான் மீதிப் பொழுதெல்லாம் சோபாவிலேயே கிடந்ததையும், ஒரு மாடி ஏறவும் லிஃப்டுக்குக் காத்து நின்றதையும் நினைத்துப் பார்த்தால் அதில் ஏதோ உண்மை இருப்பதாகவே படுகிறது.

"நான் ஓடியே இருபது கிலோ குறைத்தேன்" என்று யாராவது வருவார்கள். குறைத்திருப்பீர்கள், நான் மறுக்கவில்லை. தினமும் இரண்டு மூன்று மணி நேரம் கடுமையாக உழைப்பவர்களுக்குக் கணக்கே வேறு. நான் மருத்துவரும் இல்லை. சாப்பாட்டை எடை போட்டாலே மனம் அலைக்கழியும் ஆட்கள், முன்பு பட்டினி கிடந்து உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்கள், தயவுசெய்து என் வழியைப் பின்பற்ற வேண்டாம், அவர்களுக்கு மருத்துவர் துணை வேண்டும்.

சரி, உடற்பயிற்சி எதற்கு என்று சொல்கிறேன் என்றேன். தராசு வந்த பிறகு, அந்த டிரெய்னர் மேல் இருந்த கோபத்தில் ஜிம்மையே விட்டுவிட்டேன். சாப்பாட்டை மட்டும் குறைத்தேன், நாளுக்கு 500 கலோரி பக்கம். நாலு மாதத்தில் 7 கிலோ போனது. சந்தோஷம்தான். ஆனால் ஒருநாள் பெட்டியை அலமாரி மேல் ஏற்றப் போய், பாதியிலேயே கை நடுங்கிக் கீழே வைத்துவிட்டேன். அதே பெட்டி, அதே துணிகள், போன வருடம் நான்தான் ஏற்றியது. வெறும் பட்டினியில் எடை இறங்கினால் கொழுப்போடு தசையும் சேர்ந்தே போகும், இறங்கும் எடையில் கால்வாசி வரைக்கும் தசை முதலானவையாக இருக்கலாம். அன்றிலிருந்து வாரம் மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சி, வீட்டிலேயே, இரண்டு டம்பெல்லை வைத்துக்கொண்டு. சாப்பாட்டில் புரதத்தைக் கூட்டினேன். அடுத்த ஏழு மாதத்தில் இன்னும் 7 கிலோ, மெதுவாகத்தான். பெட்டி மேலே போய்விட்டது.

இறங்கிய எடை திரும்ப ஏறாமல் இருக்கவும் உடற்பயிற்சிதான் கைகொடுக்கிறது. அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில் இருப்பவர்கள் எல்லோரும் குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஒரு வருடமாவது அப்படியே வைத்திருப்பவர்கள். அவர்களில் பெரும்பாலோர் நாளுக்கு ஒரு மணி நேரம் போல உடற்பயிற்சி செய்கிறார்கள். வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிப் படியும் கொழுப்பு, எடை மாறாவிட்டாலும்கூட உடற்பயிற்சியால் குறையும். அதனால் உங்கள் ஆறு மாதம் வீண் இல்லை, நிறுத்திவிடாதீர்கள். இடுப்பை டேப் வைத்து அளந்து பாருங்கள், எடை மெஷின் காட்டாதது அதில் தெரியலாம்.

இந்தக் கேள்விக்கு நான் இவ்வளவு நீளமாக எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. ஜிம்மில் சேர்ந்த அன்று "பதிவுக்காக" என்று சொல்லி என்னைப் படம் எடுத்தார்கள். எடை குறைந்த பிறகு என் இணையப் பக்கத்தில் நான் போட்ட படத்தை எடுத்து, இரண்டையும் அருகருகே வைத்து, முகத்தைக்கூட மறைக்காமல், "எங்கள் பயிற்சியில் 14 கிலோ" என்று எழுதி வாசலில் ஒட்டியிருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களிடம் நான் குறைத்தது இரண்டு கிலோ, அந்த 14 கிலோவில் ஒரு கிராம்கூட அவர்களுடையது இல்லை. மூன்று முறை நேரில் போய்க் கேட்டேன், எடுத்துவிடுகிறோம் சார் என்கிறார்கள், படம் அங்கேயே இருக்கிறது. அதைப் பார்த்துப் பணம் கட்டிச் சேர்ந்து, பத்து மாதம் நடந்து, கடைசியில் நாலு பேர் முன்னால் "உண்மையைச் சொல்லுங்க" என்று கேட்கப்படப் போகிறவரை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.

ஒரு வாரம் எல்லாவற்றையும் எடை போட்டு எழுதுங்கள், யாரிடமும் காட்ட வேண்டாம். எண்ணெயிலிருந்து ஆரம்பியுங்கள்.